அரம் படாத முன்பல்

“ராவி வச்சிருக்கீங்க. அரம் போட்டு ராவி வச்சிருக்கீங்க. கண்ணால பாத்துட்டுச் சொல்றேன், இல்லேன்னா எப்படிங்க?”

“யாரு பல்லுக்கு யாரு அரம் போட்டது? நீங்க பூ வைக்க வந்தீங்களா, சந்தைக்கு வந்தீங்களா?”

“சந்தையிலயே கெடக்குறவன்தாம்மா நான். அதனாலதான் கண்ணுல பட்டுச்சு. வேற எவனாச்சும் இருந்தா ஏமாந்து தட்டை மாத்தியிருப்பான்.”

“வாயில வந்ததையெல்லாம் பேசாதீங்கண்ணே. தெருவே கேக்குது.”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதிலும் அடுத்த வீட்டுச் செல்லம்மா, காலையில் பெருக்கிய வாசலை மறுபடி பெருக்க வந்தவள், துடைப்பத்தை அசைக்காமல் நின்றாள். துடைப்பம் அசைந்தால் சத்தம் வரும், பாதி வார்த்தை போய்விடும்.

பல்லைப் பற்றிப் பேசியவர் சுரக்குடி முத்தையன், மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மாட்டின் கீழுதட்டை ஒரு இழுப்பு இழுத்து, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேசியவள் காசியம்மா, புருஷனைப் பறிகொடுத்து, காரைக்காலில் இட்லி சுட்டு ஒரே மகள் அல்லியை ஆளாக்கியவள். அந்த அல்லிக்கும் முத்தையனின் மகன் சிங்காரவேலுவுக்கும் பேசி முடித்து, பூ வைக்க வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

கூத்துக்குக் காரணம் ஒரு போண்டா. மாப்பிள்ளை கூச்சத்தில் முழு போண்டாவையும் வாயில் போட்டுக்கொண்டான். உள்ளே நெருப்பு. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் கண்ணை உருட்டியதைப் பார்த்து அல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறவள்தான் அவள். அன்றைக்கு இரண்டு கையிலும் தண்ணீர்ச் சொம்பு. தெருவாசல் வெளிச்சம் நேராக அவள் மேல்வரிசைப் பல்லில் விழுந்தது. முத்தையனின் கண்ணும் தொழில் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றது.

“ஒவ்வொரு பல்லுலயும் ரெண்டு கீத்து,” என்றார் அவர், விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டி. “வயசு ஏறுன பல்லு தேஞ்சு மட்டமாயிடும். அதை எளசாக் காட்டணும்னா விளிம்புல ரெண்டு கீத்து போடுவாங்க. அந்த வேலைதான் இது. பொண்ணுக்கு இருபத்தொண்ணாம். முப்பதுக்குக் கொறையாது.”

சொல்லிவிட்டு எழுந்தார். தட்டு எழுந்தது, பூவும் பழமும் எழுந்தன, கடைசியாக மாப்பிள்ளையும் எழுந்தான். போண்டா எப்போதோ உள்ளே இறங்கியிருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாசல்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

பிறந்த சீட்டைக் காட்டினால் தீர்ந்தது என்று பிற்பாடு பலரும் யோசனை சொன்னார்கள். காரைக்காலில் பிறந்திருந்தால் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பிரெஞ்சில் எழுதி வைத்திருப்பார்கள். காசியம்மா பிள்ளை பெறத் தாய்வீடு போனதோ எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் பூமியில். பிரெஞ்சுக்கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது, எல்லையும் போய்விட்டது. அங்கே போய்த் தேடலாம்தான். காசியம்மா தேட ஆசைப்படவில்லை. ஏனென்றால் பெண்ணுக்கு இருபத்தொன்று என்று அவள் சொன்னது சுத்தப் பொய். அல்லிக்கு இருபத்து மூன்று. தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது. செல்லம்மாவுக்குச் சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை.

இரண்டு நாளில் ஊர், கதையை வளர்த்துவிட்டது. கதை பக்கத்து ஊர் போலகம் போய்ச் சேர்ந்தபோது அதில் அல்லிக்கு முப்பத்தைந்து வயது. மண்டபத்தூர் மீன்காரிகள் கூடையை இறக்கும்போது, “எங்க, சிரி பாப்போம்,” என்றார்கள். இந்த இடம் போனால் போகட்டும் என்று விட முடியாது. இனி எவன் வந்தாலும் முதலில் வாயைத் திறக்கச் சொல்வான். அதோடு, இந்த இடம் போனால் போகட்டும் என்று அல்லிக்குத் தோன்றவும் இல்லை. சிங்காரவேலு நெய்னா முகம்மது மரைக்காயரின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். அல்லி அந்தக் கடைக்குப் பூவேலை தைத்துக் கொடுக்கிறவள். கன்னியாஸ்திரிகளிடம் கற்றுக்கொண்ட தையல். அவள் கேட்ட நூலின் நிறத்தை, வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற ஒரே ஆள் அவன்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே செல்லம்மாவுக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் காலையில் அல்லி கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். பொட்டு வைக்கவும் வகிடு எடுக்கவும் தினம் பார்க்கிற கண்ணாடிதான். வாயைத் திறந்து அதில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நடுவில் இரண்டு பெரிய பல். அகலமாக, மண்வெட்டி வாய் மாதிரி. முன்பக்கம் இலேசாக உப்பலாக இருக்கிறது. பின்பக்கம் நாக்கை வைத்துப் பார்த்தால் கரண்டிக் குழி மாதிரி உள்வாங்கி, ஈறுக்கு அருகே ஒரு சின்ன மேடு. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற மூலை நறுக்கென்று நேராக இருக்க, வெளிமூலை மழுங்கி வளைந்திருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பல், அதற்கு இன்னும் வளைவு அதிகம். விளிம்பில்தான் அந்தச் சமாச்சாரம். நேர்க்கோடாக இல்லை. மூன்று சின்ன மேடு, நடுவே இரண்டு பள்ளம். மூன்று விரலை நெருக்கி நிறுத்திய மாதிரி.

அவள் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பள்ளங்களிலிருந்து மெல்லிய வரி ஒன்று பல்லின் மேலேயே ஏறிப் போனது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. ஒரே பல்லாக இல்லாமல், மூன்று துண்டாக வளர்ந்து பிறகு ஒட்டிக்கொண்டதோ என்னவோ. இருபத்து மூன்று வருஷம் தன் வாயிலேயே இருந்த பொருள். சுரக்குடியிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கோபம்கூட ஒரு நிமிஷம் மறந்து போயிற்று.

அந்த வாரம் முழுக்க அல்லி யாரைப் பார்த்தாலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று செல்லம்மா முடிவுகட்டி நாலு பேரிடம் சொன்னாள். அப்படிச் சொல்லிச் சிரித்தபோது செல்லம்மாவின் பல்லையும் அல்லி பார்த்துக்கொண்டாள். வெற்றிலைக் காவி, அதற்கடியில் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்த விளிம்பு. அம்மாவுக்குக் கத்தியால் சீவிய மாதிரி மட்டம். பால்காரருக்கு மட்டம். தபால்காரருக்குப் பாதிதான் இருந்தது, இருந்தது மட்டம். தனக்கு மட்டும்தான் மூன்று மேடு. அப்படியானால் அந்த மனிதர் சொன்னதில் ஏதோ இருக்கிறதா? யாரும் அரம் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை பேர் வாய்க்கு எதிரே ஒரு வாய் எந்த மூலைக்கு?

விடை கமர் நிஷாவின் வாயில் இருந்தது. மரைக்காயரின் கடைசி மகள், எட்டு வயது, அல்லியிடம் தையல் கற்றுக்கொள்ள வருகிறவள். பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் அப்போதுதான் முளைத்திருந்தன.

“அக்கா, என்னாத்துக்கு என் வாயையே பாக்குறீங்க?”

“ஈன்னு காட்டுடி.”

காட்டினாள். அல்லியின் கையிலிருந்த ஊசி நின்றது. மூன்று மேடு, இரண்டு பள்ளம். அச்சு அசல்.

“உனக்கு யாருடி அரம் போட்டா?”

“போங்கக்கா. எங்க வகுப்புல எல்லாத்துக்கும் இப்படித்தான் இருக்கு. பெரிய புள்ளைங்களுக்குத்தான் போயிடுது.”

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தையல் முடிந்த நூலை முன்பல்லால் கடித்து நறுக்கென்று துண்டித்தாள். அல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் ஒருநாளும் நூலைக் கடித்ததில்லை. கத்தரிக்கோல் இல்லாமல் தைக்க உட்கார்ந்ததில்லை. முறுக்கைக் கடைவாய்க்குத் தள்ளித்தான் கடிப்பாள். கொய்யாப்பழத்தை அரிந்துதான் தின்பாள். அம்மா அதைத் துரைசாணித்தனம் என்று கேலி செய்வாள்.

நூலை எடுத்து முன்பல் இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்து, கடைவாய் அழுந்த மூடினாள். இழுத்தாள். நூல் காற்றில் போகிற மாதிரி போனது, வந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் ஒரு சன்னமான இடைவெளி.

“ஏம்மா, நான் சின்னதுல விரல் சூப்புனேனா?”

“அதை ஏன் கேக்குற. பள்ளிக்கூடம் போற வரைக்கும். வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன், அதையும் சேத்துச் சூப்புன.”

அப்போது கட்டைவிரலுக்காக ஒதுங்கி நின்ற பற்கள் பிறகு கிட்டே வரவே இல்லை. எல்லோருக்கும் பல் முளைக்கும்போது இருக்கிற மேடுதான். மற்றவர்களுக்கு மேலும் கீழும் உரசி உரசி, தின்றும் பேசியும் கடித்தும் மட்டமாகிவிடுகிறது. தனக்கு உரச ஆள் இல்லை. தேயாமல் இருப்பது ஒரு பெருமையா, குறையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

காசியம்மாவுக்கோ இந்த ஆராய்ச்சியெல்லாம் காதில் ஏறவில்லை. செல்லம்மா கொடுத்த யோசனைதான் ஏறியிருந்தது. பத்தர் பட்டறையிலிருந்து சன்னமான அரம் ஒன்றை மடியில் மறைத்து வாங்கி வந்திருந்தாள்.

“கொஞ்சமா ராவி மட்டமாக்கிட்டா ஆச்சு. பாருங்க, ஒண்ணுமே இல்லையேன்னு காட்டிடலாம். பத்தர் வலிக்காதுன்னாரு.”

“ராவவே இல்லேன்னு சொல்றதுக்காக ராவணுமாம்மா?”

“ஊரு வாயை மூடணும்டி.”

“அதுக்கு என் வாயில வேலை செய்யச் சொல்றீங்களே. இன்னிக்கு இதை வச்சோம்னா அந்த மாமா சொன்னது நெசமாயிடும். அப்புறம் நான் எந்த முகத்தோட இல்லேங்கிறது?”

அரம் அடுப்பங்கரை மாடத்தில் போய் உட்கார்ந்தது. அல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மரைக்காயர் வீட்டுக்குப் போனாள்.

நெய்னா முகம்மது மரைக்காயர் மாப்பிள்ளைக்கு முதலாளி, பெண்ணுக்குத் தையல் கூலி கொடுக்கிறவர். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவர்தான். தன் வாக்கில் மண் விழுந்த வருத்தம் அவருக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, கடைக்குப் பின்னால் துணிக்கட்டு வைக்கிற அறையில் இரண்டு பக்கத்தையும் கூட்டி உட்கார வைத்தார். காசியம்மாவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு செல்லம்மாவும் வந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

“முத்தையா, பொண்ணு வேணாம்னா வேணாம்னு சொல்லு. அது ஒன் இஷ்டம். அதுக்காக அந்தப் புள்ள பேரை ஏம்ப்பா கெடுக்குறே?”

“பேரை நான் கெடுக்கல மரைக்காயரே. பல்லு சொல்லுது, நான் படிக்கிறேன்.”

அல்லி சுவரோரம் நின்றிருந்தாள். “மாமா, ஒண்ணு கேக்கலாங்களா? மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லு எத்தனைங்க?”

“மேல ஏது முன்பல்லு? வெறும் ஈறுதான். இருக்குற எட்டும் கீழதான்.”

“அன்னிக்கு நீங்க படிச்சது என் மேல்பல்லுங்களா, கீழ்ப்பல்லுங்களா?”

முத்தையன் பதில் சொல்வதற்குள் செல்லம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மரைக்காயர் இருமுவது போலப் பாவனை செய்தார்.

“மேலயோ கீழயோ,” என்றார் முத்தையன். “கீத்து கீத்துதானே.”

அல்லி கமர் நிஷாவைக் கூப்பிட்டு ஈயென்று காட்டச் சொன்னாள். முத்தையன் குனிந்து பார்த்தார். பழக்கத்தில் கை உதட்டை இழுக்கப் போயிற்று. மரைக்காயர் ஒரு பார்வை பார்த்ததும் கை திரும்பிவிட்டது.

“அது புதுப் பல்லு. எட்டு வயசுப் புள்ள. நீ என்ன எட்டு வயசா?”

“எனக்கும் அதே பல்லுதாங்க. தேயல. நீங்களே பாருங்க.” நூலைப் பல்லிடையில் வைத்து மூடி, இரண்டு முனையையும் அவர் கையில் கொடுத்தாள். இழுத்தார். வந்தது. மறுபக்கம் இழுத்தார். போயிற்று. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நூலைக் கீழே விட்டார். தொழில்காரர். என்ன பார்க்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

“சரி, பல்லை விடு. வயசைச் சொல்லு. இந்தக் கூட்டத்துல சொல்லு. இருபத்தொண்ணுதானா?”

“இருபத்தொண்ணுதான்,” என்றாள் காசியம்மா, கேள்வி முடியுமுன்னே.

அல்லி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த மல் துணிக்குப் பக்கத்தில், முழக்கோலைப் பிடித்தபடி நின்ற சிங்காரவேலுவைப் பார்த்தாள். பல்லைப் பற்றி இவ்வளவு நேரம் உண்மையாக வாதாடிவிட்டு, அதே வாயால் இதைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“இருபத்து மூணுங்க மாமா. அம்மா ரெண்டு கொறைச்சாங்க. அது நாக்கால கொறைச்சது. அரத்தால இல்ல.”

காசியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். செல்லம்மாவின் முகத்தில் வெகுநாள் பசி தீர்ந்த ஒரு களை. முத்தையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கேட்டீங்களா மரைக்காயரே. பொய்யுன்னு அவங்க வாயாலேயே வந்துடுச்சு. நான் சொன்னது எப்படியோ சரியாத்தானே போச்சு. டேய், வாடா.”

சிங்காரவேலு வரவில்லை. முழக்கோலைத் துணிக்கட்டின் மேல் வைத்தான்.

“அப்பா. போலகத்துக்காரருக்கு ஒரு மயிலைக் காளை வித்தீங்களே.”

“அதுக்கென்ன இப்ப?”

“அதுக்கு ரெண்டு ரெண்டு கீத்தா அரம் போட்டது யாரு? தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே. அதுக்கு முன்னாடி செவலை. அதுக்கும் நான்தான் பிடிச்சேன்.” அவன் குரல் உயரவில்லை. “நீங்க போடுற கீத்தையே பாத்துப் பாத்து, உங்களுக்கு எந்தப் பல்லைப் பாத்தாலும் அப்படித்தான் தெரியுது. அவங்களாவது கூட்டத்துல ஒத்துக்கிட்டாங்க.”

பேசும்போது அவனுடைய கீழ்ப்பல் வரிசை தெரிந்தது. அல்லி கவனித்தாள். அந்த வயதுக்கு இல்லாத மட்டம், உளியால் தட்டிவிட்ட மாதிரி. வாயை மூடிக்கொண்டு இவன் எவ்வளவு காலமாக எதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தானோ என்று நினைத்தாள். பல்லை வைத்து ஆளைப் படிக்கிற வியாதி தனக்கும் தொற்றிவிட்டதா என்றும் நினைத்தாள்.

முத்தையன் மகனை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “அந்தப் பொண்ணு கழுத்துல நீ தாலி கட்டுனா நான் வர மாட்டேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். செல்லம்மா அதற்கு முன்பே கிளம்பியிருந்தாள். முத்தையன் அரசலாற்றுப் பாலம் தாண்டுமுன் விஷயம் போலகம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்கள். அது எப்படி என்று கேட்டால், போலகம் வண்டிக்காரர் ஒருவரிடம் தற்செயலாகத்தான் சொன்னேன் என்பாள் செல்லம்மா.

கல்யாணம் அந்த வைகாசியிலேயே நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று என்று ஊர் முழுக்கத் தெரிந்த கல்யாணம். சொன்னபடியே முத்தையன் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சுரக்குடியிலிருந்து தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தாளா சொல்லாமல் வந்தாளா என்று கேட்டதற்கு, பந்தியில் உப்பு கம்மி என்று பதில் சொன்னாள்.

சுரக்குடியில் முத்தையனால் அதற்கு மேல் காலம் தள்ள முடியவில்லை. மாட்டைக் காட்டினால், வாங்குகிறவன் முதலில் அவர் முகத்தைப் பார்த்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே தேங்காய் வியாபாரம். சிங்காரவேலுவுக்கு மகன் பிறந்தபோது பேரனைப் பார்க்க வரவில்லை, இரண்டாவதாகப் பேத்தி பிறந்தபோது வந்தார்.

சிங்காரவேலுவும் அல்லியும் புதுச்சேரிக்குப் போனார்கள். மரைக்காயரின் மைத்துனர் காஜா மைதீன் அங்கே கடை வைத்திருந்தார். தூக்கத்தில் அவன் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் ஊர் மாறியும் நிற்கவில்லை. அல்லி எழுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள் என்று காசியம்மா சொன்னாள். அவளும் இட்லித்தட்டைத் தூக்கிக்கொண்டு மறுவருஷமே மகளோடு போய்விட்டாள். கமர் நிஷாவை, பெரியவளானதும், நாகூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

காசியம்மா இருந்த வீட்டுக்குத் தந்தி ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் அவர் மனைவி பங்கஜவல்லியும் குடிவந்தார்கள். குழந்தைகள் இல்லை. ஏன் இல்லை என்று விசாரிக்க, பெட்டி படுக்கை இறங்கி முடிக்குமுன்னே செல்லம்மா மோர் கொண்டு போனாள்.